மிட்ஜெட்டுக்கு ஒரு மாலை, பஸ்ஸுக்கு முழுக் கோடை

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே ரொறன்ரோ மல்வேர்னில் ஒரு பிறந்தநாள் விழா. கேக் தட்டோடு ஒரு அன்ரி என் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்தார்.

“பிள்ளை, உம்மட தம்பி கிருபா இப்ப கார் ஓட்டுறாராம்?”

“ஓம் அன்ரி.”

“ஊபரோ, எயார்போட் டாக்ஸியோ?”

“ரேஸ் கார் அன்ரி.”

அன்ரி ஒரு வாய் கேக் சாப்பிட்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “அதுக்கு மருந்து, பல்லு பெனிஃபிட்ஸ் இருக்கோ?”

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இந்தக் கோடையில் என் கோபம் முழுவதையும் வேறு ஆட்களுக்குப் பங்கு போட்டுவிட்டேன். மிச்சம் வைக்கவில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

கிருபா என் தம்பி. வயது நாற்பத்தொன்று. வோபர்னில் ஒரு லொறி கராஜில் மெக்கானிக். இந்த வயதில் எங்கள் ஆண்கள் செய்வது இரண்டு. ஒன்று, லீஸில் ஒரு ஜெர்மன் கார் எடுப்பார்கள். அல்லது ஏதாவது ஒரு சங்கத்துக்குத் தலைவராகி, இன்னொரு சங்கத்தை உடைப்பார்கள். கிருபா இரண்டும் செய்யவில்லை. பழைய மிட்ஜெட் கார் ஒன்றை வாங்கி, மூன்று குளிர்காலம் வீட்டுக் கராஜில் படுத்துக் கிடந்து அதைப் புதுக்கினான். அவன் மனைவி சுகந்தி அந்த மூன்று குளிர்காலமும் தன் காரை வெளியே பனியில் நிறுத்தினாள். சிலை வைப்பதென்றால் அவளுக்குத்தான் வைக்க வேண்டும்.

மிட்ஜெட் என்றால் என்ன? ஓர் ஆள் மட்டும் இருக்கிற சின்னக் கார். நான்கு சில்லும் வெளியே தெரியும். கதவில்லை, கண்ணாடியில்லை, தலைக்கு மேல் இரும்புக் கூடு. ஸ்டார்ட்டரும் இல்லை, கிளச்சும் இல்லை. பின்னால் ஒரு ட்ரக் வந்து தள்ளினால்தான் எஞ்சின் பிடிக்கும். பிடித்த பிறகு கவனமாக இருக்க வேண்டும் — உங்கள் வீட்டு வான் வண்டியின் எடையில் பாதிகூட இல்லை, பலமோ அதைவிட அதிகம். இதன் பெரிய அண்ணன்தான் ஸ்பிரிண்ட் கார்.

தள்ளினால்தான் ஓடும் என்பதை மறந்து கிருபா அதை ட்ரெயிலரில் ஏற்றி றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு வாகனப் பூசைக்குக் கொண்டுபோனான். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாயிற்று. ஐயர் கையைக் காட்டி, “ஸ்டார்ட் பண்ணி முன்னுக்கு எடுங்கோ” என்றார்.

“இது தள்ள வேணும் ஐயா” என்றான் கிருபா.

பின்னால் புத்தம்புது எஸ்யூவிகளோடு வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். பூசையிலேயே வாகனத்தைத் தள்ளியவர்கள் நாங்கள் மட்டும்தான். சுகந்தியும் நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினோம். தேசிக்காய் நசிந்தது. ஒருவர் மட்டும் இறங்கி வந்து கை கொடுத்தார். கொடுத்துவிட்டு, “பற்றறி மாத்திப் பாத்தனீங்களோ?” என்று கேட்டார்.

சரி, பூசையும் ஆயிற்று. ஓடுவதற்கு இடம்?

இங்கேதான் கதை. இந்த நாட்டில் மிட்ஜெட்டும் ஸ்பிரிண்டும் பெரும்பாலும் மண் தரையில்தான் ஓடுகின்றன. மண்ணில் கார் பக்கவாட்டில் வழுக்கும், புழுதி பறக்கும், சனம் வரும். நல்லது, சந்தோஷம். ஆனால் கிருபாவின் கார் தார் தரைக்கென்று கட்டியது. நிலத்தோடு ஒட்டி, பாரம் முழுவதும் இடப்பக்கம் சாய்ந்து இருக்கும், வளைவதெல்லாம் இடப்பக்கம் என்பதால். இதை மண்ணில் இறக்க முடியாது. இறக்கினால் அரைச் சுற்றில் புதைந்து நிற்கும். தாரில்தான் ஓட வேண்டும். தாரில் ஓட ஒரு கோடையில் கிடைப்பதோ ஒரே ஒரு சனிக்கிழமை. அதுவும் இரண்டு மணி நேரம் கார் ஓடிப் போகிற தூரத்தில், சோளக் காட்டுக்கு நடுவே இருக்கிற ஒரு ட்ராக்கில். அது தப்பினால் அடுத்தது எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள். லொறி கராஜில் அதற்கெல்லாம் லீவு தரமாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். ரொறன்ரோவைச் சுற்றி தார் போடாத இடம் எது? விளைந்த நிலத்துக்கெல்லாம் தார் ஊற்றியாயிற்று. கடைகள் இருக்கிற பிளாசா ஒவ்வொன்றுக்கும் முன்னால், கார் தரிப்பில், ஒரு விமானம் இறங்கலாம். இரவானால் பையன்கள் சைலன்ஸரைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டு வாசலிலேயே ரேஸ் ஓடுகிறார்கள். தாருக்குப் பஞ்சமில்லை. ரேஸுக்கென்றே கட்டிய காருக்கு மட்டும் தார் இல்லை.

அந்த ட்ராக்கை நடத்துகிறவர் பெயர் றொன். கோடைக்கான நிகழ்ச்சி அட்டவணையை அவர் வெளியிட்டபோது கிருபா எனக்கு அனுப்பியிருந்தான். வாசித்தேன். பள்ளிக்கூட பஸ் ரேஸ் — உடைந்த மஞ்சள் பஸ்களை ஓடவிட்டு ஒன்றோடொன்று மோத வைப்பது. அதற்குப் பல சனிக்கிழமைகள். கரவன் என்கிற சில்லு வைத்த வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுகிற ரேஸ். படகைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுகிற ரேஸ். பின்பக்கமாகவே ஓடுகிற ரேஸ். ஆம், றிவேர்ஸ் கியரில். பெரிய மனிதர்கள், கல்யாணம் கட்டிப் பிள்ளை பெற்றவர்கள், சனிக்கிழமை மாலை டிக்கெட் எடுத்துப் போய் இதைப் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நடுவே, யூலையில் ஒரு நாள்: மிட்ஜெட்.

கிருபா றொன்னிடம் போய்க் கேட்டான். ஏன் ஒன்றுதான்?

கார்கள் வருவதில்லை என்றார் றொன். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். “பத்துக் கார் வந்தால் பெரிய காரியம். அதற்கு யார் டிக்கெட் எடுப்பான்?”

வருசத்தில் ஒரு நாள் ரேஸ் வைத்தால் எவன் கார் கட்டுவான்? கார் இல்லை, அதனால் ரேஸ் இல்லை. ரேஸ் இல்லை, அதனால் கார் இல்லை. இந்த மாதிரி நியாயத்தைச் சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கனேடிய அனுபவம் இல்லாதவனுக்கு வேலை தரமாட்டோம் என்றவர்களும் இப்படித்தான் சிரித்த முகத்தோடு சொன்னார்கள்.

ஆனால் றொன் ஒரு வார்த்தை கொடுத்தார். ஓகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை வெறுமையாக இருக்கிறது. யூலையில் மிட்ஜெட் ஓடும்போது பார்வையாளர் ஸ்டாண்டில் சனம் இருந்தால், அந்தச் சனிக்கிழமையையும் மிட்ஜெட்டுக்கே தருவார். இரண்டு நாள் என்றால் கியூபெக்கிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் நான்கைந்து கார் வரும். கார் வந்தால் அடுத்த வருடம் மூன்று நாள் கேட்கலாம்.

சனம் வேண்டும். அவ்வளவுதான். தமிழருக்குச் சனம் சேர்ப்பது ஒரு வேலையா?

கிருபா செல்வா அண்ணையிடம் போனான். செல்வா அண்ணை ரியல் எஸ்டேட் ஏஜென்ட். ஸ்காபரோவில் பஸ் தரிப்பு பெஞ்சில் நாங்கள் உட்காருவது விளம்பரத்தில் சிரிக்கிற அவருடைய முகத்தின் மேல்தான். அரங்கேற்றம், அந்தியேட்டி, தேர்தல் — எதுவென்றாலும் மண்டபத்தை நிரப்பித் தருவார்.

“சனத்தை என்னட்டை விடும் தம்பி. ரெண்டு பஸ் நிறையக் கொண்டு வாறன். சாப்பாட்டோட.”

“அண்ணை, ஆறு மணிக்கு முதல் ரேஸே எங்கடதான். பஸ் ரேஸ் ஓடினால் ட்ராக் முழுக்க எண்ணெயும் கண்ணாடியும். பிறகு மிட்ஜெட்டை இறக்கேலாது. அதாலதான் எங்களை முன்னுக்கு விடுறாங்கள். ஏழு நிமிசத்தில முடிஞ்சிடும். பிந்தக்கூடாது.”

“எனக்கு எங்கட சனத்தைத் தெரியாதே? ஆறு எண்டு போட்டால் எட்டுக்கு வருவினம். நாலு எண்டு போடுறன். ஆறுக்கு டாண் எண்டு நிப்பினம்.”

நாலு என்றுதான் போட்டார். வாட்ஸ்அப்பில் கிருபாவின் படம், காரின் படம், இரண்டையும்விடப் பெரிதாகச் செல்வா அண்ணையின் படம். கீழே ‘மாலை சரியாக 4.00 மணிக்கு’. ‘சரியாக’ என்ற சொல்லுக்கு அடியில் கோடு வேறு.

இதில் செல்வா அண்ணை மறந்த விஷயம் ஒன்றுதான். அவர் எங்கள் சனத்தை எவ்வளவு அறிவாரோ, அதைவிட நன்றாக எங்கள் சனம் அவரை அறியும். செல்வா அண்ணை நாலு என்று போட்டால் நிகழ்ச்சி ஆறுக்கு என்பது ஸ்காபரோவில் எல்லாருக்கும் தெரியும். ஆறு மணி நிகழ்ச்சிக்கு எட்டு மணிக்குப் போகலாம் என்பதும் தெரியும். ஆக எல்லாரும் ஒழுங்காகக் கணக்குப் பார்த்து, எட்டு மணிக்குப் போய்ச் சேருகிற மாதிரி வெளிக்கிட்டார்கள்.

அன்றைக்கு நானும் சுகந்தியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் மதியமே போய்விட்டோம். ஐந்தரைக்குச் செல்வா அண்ணைக்கு அழைத்தேன்.

“அண்ணை, எங்க நிக்கிறியள்?”

“வந்துகொண்டே இருக்கிறம் பிள்ளை.”

பின்னணியில் கொத்து ரொட்டி கொத்துகிற சத்தம் கேட்டது. கொத்துக் கடை ஸ்காபரோவில் இருக்கிறது.

“அண்ணை, இன்னும் பஸ் ஏறேல்லையோ?”

“எல்லாரும் ஏறீற்றினம். சாப்பாடு ஏறினால் சரி.”

ஆறு மணி. ஸ்டாண்டில் அங்கொருவர் இங்கொருவர். உள்ளூர்ச் சனம் இன்னும் ஹொட்டோக் பாண் வாங்குகிற வரிசையில்தான் நின்றது, அதற்குப் பஸ் ரேஸ்தான் வேண்டும். எங்கள் வரிசையில் தமிழர் நாங்கள் நால்வர். மேலே கூண்டுக்குள் மைக்கோடு இருந்த றொன் கீழே ஸ்டாண்டைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன். நால்வரில் ஒருவர் கையை ஆட்டினால் கூட்டம் பெரிதாகத் தெரியும் என்று நினைத்தேனோ தெரியாது.

பதினொரு கார். ட்ரக்குகள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி எஞ்சின் பிடிக்க வைத்தன. கிருபா எட்டாவதாக நின்றான். பச்சைக் கொடி காட்டியதும் எழுந்த சத்தத்தில் என் கையிலிருந்த கோப்பிக் கோப்பை நடுங்கியது. அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு ரேஸ் பாஷை தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். எல்லாரும் உள்பக்கம் ஒட்டி ஓட, இவன் மட்டும் வெளிப்பக்கத்தால், மதிலோடு ஒட்டி ஒட்டிப் போனான். அந்த மதிலுக்கும் அவன் சில்லுக்கும் இடையில் ஒரு அப்பளம் வைக்கலாம். சுற்றுகள் போகப் போக ஒவ்வொருவராகப் பிடித்துத் தாண்டினான். சுகந்தி என் கையைப் பிடித்திருந்தாள் — அவள் நகம் பட்ட இடம் மூன்று நாள் சிவந்திருந்தது. கடைசிச் சுற்றில் இரண்டாவது காரையும் தாண்டி, முதல் காரின் பின்சில்லோடு மூக்கை வைத்துக்கொண்டு கோட்டைக் கடந்தான்.

இரண்டாவது இடம். நாற்பத்தொரு வயதில், வருசத்துக்கு ஒரு தரம்தான் ஓடக் கிடைக்கிற ஒருவன்.

எனக்கு அழுகை வந்தது. பெருமையில் வந்த அழுகைதான். அதோடு, இதை யாருமே பார்க்கவில்லையே என்ற ஆற்றாமையும் சேர்ந்து வந்தது. ஏழு நிமிடம் மனிதன் இப்படியும் ஒரு காரை ஓட்டலாம் என்று காட்டினான், ஊர் ஹொட்டோக்குக்குக் கடுகுச் சோஸ் தடவிக்கொண்டிருந்தது.

றொன் கீழே இறங்கி வந்தார். கிருபாவின் தோளில் தட்டினார். “நல்ல ஓட்டம். உன் ஆட்கள் எங்கே?”

“வந்துகொண்டிருக்கிறார்கள்” என்றான் கிருபா. பொய்யில்லை. அப்போது பஸ் வழியிலுள்ள ஒஷாவாவைத் தாண்டியிருந்தது.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு வந்து சேர்ந்தார்கள். வாடகைக்குப் பிடித்த இரண்டு மஞ்சள் பள்ளிக்கூட பஸ்கள். வாசலில் நின்றவன் பார்த்தான், பஸ் ரேஸுக்கு இன்னும் இரண்டு பஸ் வருகிறது என்று நினைத்தான், நேரே ரேஸ் வண்டிகள் நிற்கிற இடத்துக்குள் அனுப்பிவிட்டான். உள்ளே ஒருவன் ஸ்ப்ரே பெயின்ட்டோடு ஓடி வந்தானாம், எண் எழுத. பட்டுச் சேலையோடும் பாய்களோடும் கொத்து ரொட்டிப் பெட்டிகளோடும் எங்கள் சனம் நெளிந்த பஸ்களுக்கு நடுவே இறங்கியது. கோபப்பட்டார்களா? இல்லை. வரிசையாக நின்று செல்ஃபி எடுத்தார்கள்.

பிறகு ஸ்டாண்டுக்கு வந்து, ஒரு பக்கத்தை முழுசாக நிரப்பி, பெட்டிகளைத் திறந்தார்கள். அதே நேரம் பஸ் ரேஸ் தொடங்கியது.

என்னவென்று சொல்ல? பஸ் பஸ்ஸோடு மோதியது. கண்ணாடி கொட்டியது. ஒன்று புகை கக்கியது. ஒன்று பக்கவாட்டில் சரிந்து படுத்தது. எங்கள் சனம் எழும்பி நின்று விசில் அடித்தது. அவ்வளவு விசிலை நான் எந்த இசை நிகழ்ச்சியிலும் கேட்டதில்லை. ஊரில் அரசாங்கத்து இ.போ.ச. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள் எல்லாருக்கும் ஒரு பழைய வஞ்சம் இருந்திருக்க வேண்டும், அன்றைக்குத் தீர்ந்தது. நானும் ஒரு முறை எழும்பி நின்றேன். முன்னால் நின்றவர் மறைத்ததால்தான்.

செல்வா அண்ணை ட்ராக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். “கிருபா எந்த பஸ்?”

பக்கத்தில் நின்றவர் கிருபாதான். ரேஸ் உடுப்போடு, ஹெல்மெட் கையில்.

அவன் ட்ராக்கில் ஓடிக்கொண்டிருந்த பஸ்களைப் பார்த்தான். பிறகு சொன்னான். “நீலம் பூசினது அண்ணை.”

இரண்டு பஸ் நிறைந்த சனமும் நீல பஸ்ஸுக்கு விசில் அடித்தது. நீல பஸ் அடுத்த வளைவிலேயே மதிலில் மோதி, நீராவி விட்டு நின்றது. எல்லாரும் ‘ஐயோ’ என்றார்கள். அப்போதுதான் செல்வா அண்ணை திரும்பினார், கிருபாவைக் கண்டார், எப்படி இவ்வளவு கெதியில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“கவலைப்படாதையும் தம்பி. அடுத்த முறை வெல்லுவீர்.”

சுகந்தி சண்டைக்கு எழும்பினாள். நானும்தான். கிருபா எங்களைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினான். “விடுங்கோ அக்கா. அவ்வளவு தூரம் வந்தவை. சாப்பிடட்டும்.”

எனக்கு இந்தப் பெருந்தன்மை கிடையாது. நான் எழுதுகிறவள், மனதுக்குள் வைத்துக்கொண்டால் வயிறு எரியும். அதனால் சொல்கிறேன்: இந்த விஷயத்தில் றொன்னுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஒரு பொருள் உடைகிற சத்தம் கேட்டால் அவர் டிக்கெட் விற்பார், நாங்கள் டிக்கெட் வாங்குவோம். உடையாமல், மதிலில் உரசாமல், ஒரு அப்பள இடைவெளியில் ஒருவன் காரைக் கொண்டுபோனால் அதைப் பார்க்க இருவருக்கும் நேரமில்லை. தார் ட்ராக்கில் மிட்ஜெட்டைக் காணோம், ஸ்பிரிண்டைக் காணோம் என்று பழைய ரசிகர்கள் சிலர் இன்டர்நெட்டில் புலம்புகிறார்கள். எங்கே போயிற்று என்று தேட வேண்டியதில்லை. ஆட்கள் வரும் முன்பே ஓடி முடித்து, ட்ரெயிலரில் ஏறி, கட்டப்பட்டு நிற்கிறது.

அடுத்த கிழமை றொன் கிருபாவுக்கு அழைத்தார். பரவசமாக இருந்தாராம். இப்படி ஒரு கூட்டத்தை அவர் ட்ராக் கண்டதில்லையாம். விசிலைக் கேட்டு உள்ளூர்க்காரர்களே திரும்பிப் பார்த்தார்களாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் அவர். சனம் வந்தால் ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமையைத் தருவதாகச் சொன்னார் அல்லவா? தந்துவிட்டார்.

தமிழர் இரவு. ஸ்பெஷல்: பள்ளிக்கூட பஸ் ரேஸ். இரண்டு சுற்றாக.

“மிட்ஜெட்?” என்று கேட்டிருக்கிறான் கிருபா.

“உன் ஆட்களுக்கு என்ன பிடிக்கும் என்று நான் என் கண்ணால் பார்த்தேனே” என்றாராம் றொன். “வேண்டுமானால் உனக்கு ஒரு பஸ் தருகிறேன்.”

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது தெரியுமா? வெற்றியாக. ஒரு கனேடிய ட்ராக்கில் எங்கள் பெயரில் ஓர் இரவு — இனத்துக்கே கிடைத்த அங்கீகாரமாம். வாட்ஸ்அப்பில் கைதட்டல் மழை. செல்வா அண்ணை தலைமையில் விழாக் குழு அமைந்தது, இரண்டு நாளில் அதிலிருந்து ஒரு குழு பிரிந்தது. முதல் தீர்மானம் மட்டும் இரண்டு குழுவும் ஒருமனதாக எடுத்தது: ட்ராக்கின் நடுவில் மேடை போட்டு றொன்னுக்குப் பொன்னாடை போர்த்துவது.

போர்த்துவதற்கு ஆள்? றொன்னை முதலில் அறிமுகம் செய்தவர் என்ற முறையில் — கிருபா.

இதைக் கேட்டதும் நான் நேரே வோபர்னுக்குப் போனேன். கராஜில் ஒரு லொறிக்கு அடியில் கிடந்தான். கால் மட்டும் தெரிந்தது. காலோடுதான் கதைத்தேன்.

“மாட்டன் எண்டு சொல்லிப் போட்டாய்தானே?”

“ஓம் எண்டு சொன்னனான் அக்கா.”

“உனக்கு வெக்கமில்லையோ?”

வெளியே வந்தான். முகத்தில் கிறீஸ். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான், துடைத்து முடிந்த பிறகும்.

“நான் போன் பண்ணினால் இப்ப றொன் எடுக்கிறேல்லை. பொன்னாடை போர்க்கேக்க ஓட ஏலாதுதானே. பக்கத்தில நிண்டு, சனம் கைதட்டேக்க, காதுக்குள்ள கேக்கப்போறன். வாற வருசம் ஒரு நாளாவது தா எண்டு. ஒரு நாள் காணும் அக்கா.”

துணியை வாங்கி அவன் கன்னத்துக் கிறீஸைத் துடைத்துவிட்டு வந்தேன்.

வழியில் செல்வா அண்ணைக்கு அழைத்து, பொன்னாடை வாங்குகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். கடையில் இருந்ததிலேயே மொத்தமானதாக, ஜரிகை கூடியதாக, குளிர்காலத்துக்குப் போர்க்கிற அளவுக்குப் பார்த்து வாங்கியிருக்கிறேன் — ஓகஸ்ட் மாதம், தார் தரை, றொன் நன்றாக வேர்க்கட்டும்.